பவளப்பாறை உயிரினங்களின் உறவுகளை வகுப்பில் எப்படிக் கற்பிப்பது?

மண்டபம் ஆசிரியை:
வணக்கம். மண்டபத்துக்கு அருகிலுள்ள பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பகிர்ந்து வாழ்தல் (இரண்டுக்கும் நன்மை), உதவி பெறும் வாழ்க்கை (ஒன்றுக்கு நன்மை, மற்றதற்குக் கேடில்லை), ஒட்டுண்ணி வாழ்க்கை (ஒன்றுக்கு நன்மை, மற்றதற்குக் கேடு) ஆகிய மூன்றையும் மாணவர்கள் பிழையின்றி ஒப்பிக்கிறார்கள். ஆனால் கடற்சாமந்தியும் கோமாளி மீனும் தவிர வேறு எடுத்துக்காட்டுக் கேட்டால் வாய் திறப்பதில்லை. இத்தனைக்கும் பாதிப் பேர் கடற்தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகள். வலையில் வரும் ஓராவையும் கலவாவையும் பார்த்தவுடன் பெயர் சொல்லிவிடுவார்கள். அவர்கள் அறிந்த பாரிலிருந்தே (கடலடிப் பாறையிலிருந்தே) இப்பாடத்தைத் தொடங்க வழி உண்டா?

ஓய்வுபெற்ற விலங்கியல் விரிவுரையாளர்:
அம்மா, அந்த மூன்று பெயர்களையும் முதல் நாளே கரும்பலகையில் எழுத வேண்டாம். ஓர் உறவைக் காட்டி, இதில் ஒன்று விலகினால் மற்றதற்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசி, ஒளிச்சேர்க்கையில் உருவாகும் சர்க்கரையின் பெரும்பகுதியைப் பவளத்துக்குத் தருகிறது. பவளமோ அதற்கு இருப்பிடத்தையும், கரியமில வாயுவையும், தன் கழிவிலுள்ள நைட்ரஜனையும் தருகிறது. மன்னார் வளைகுடாவில் 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் கடல்நீர் சூடேறியபோது பவளங்கள் அந்தப் பாசியை இழந்து வெளுத்தன. வெளுத்த பவளம் உடனே செத்துவிடுவதில்லை. சூடு விரைவில் தணிந்தால் பாசி மீண்டும் பெருகும், நீடித்தால் பவளம் பட்டினியால் மடியும். மான்கொம்புப் பவளம் பெரும்பாலும் முதலில் சாய, உருண்டையாக மெல்ல வளரும் போரைட்டிஸ் பவளம் தாக்குப்பிடிப்பது ஏன் என்று அடுத்துக் கேட்டால் தகவமைப்புக்கு வந்துவிடலாம். அதன் தடித்த திசு அதற்கு ஒரு காரணம்.

கடல் உயிரியல் மாணவி:
ஐயா சொன்ன கேள்வியோடு இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன்: அந்த உறவு எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறதா? கருங்கோடு ஓடிய விரல்நீளச் சுத்தக்கார மீனைப் பாருங்கள். கலவா வாயைத் திறந்தபடி அசையாமல் நிற்க, இது உள்ளே புகுந்து ஒட்டுண்ணிகளைத் தின்னும். ஆனால் அதற்கு உண்மையில் பிடித்தது பெரிய மீனின் உடலிலுள்ள சளி. சந்தடியில் அதையும் ஒரு கடி கடிக்கும்போது பெரிய மீன் வெட்டென்று உதறுகிறது. அந்த ஒரு கணத்தை எந்த வகையில் சேர்ப்பது என்று மாணவர்களை வாதாட விடலாம். போதாக்குறைக்கு, அதே நிறமும் கோடும் கொண்டு சுத்தக்காரனைப் போலவே நெருங்கி, துடுப்பைக் கடித்துக்கொண்டு ஓடும் போலி மீனும் இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் பவளப்பாறைகளில் உண்டு.

கீழக்கரை மீனவர்:
டீச்சர், பிள்ளைகளிடம் பவளத் துண்டு கொண்டுவரச் சொல்லிவிடாதீர்கள். பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கரையில் ஒதுங்கியதையும் எடுக்கச் சொல்ல வேண்டாம். தீவுக்கு அழைத்துப் போவதென்றால் வனத்துறை அனுமதி வேண்டும். அதைவிட, ஏலக் கூடத்திலிருந்து ஒரு கிளி மீனும் ஓராவும் கலவாவும் வாங்கி மேசையில் வைத்து வாயைத் திறந்து காட்டுங்கள். கிளி மீனின் பற்கள் ஒட்டிச் சேர்ந்து அலகாகவே இருக்கும். பாறையைச் சுரண்டிப் பாசி தின்னும் மீன் அது. ஓராவின் பற்கள் சிறியவை, பாசியைக் கத்தரிக்க ஏற்றவை. கலவாவுக்கோ அகன்ற வாய்; இரையை அப்படியே உறிஞ்சி விழுங்கிவிடும். பாசி தின்னும் மீன்கள் குறைந்தால் பாறையில் பாசி மண்டி, பவளக் குஞ்சு ஒட்ட இடமில்லாமல் போகும். குருசடைத் தீவையொட்டி, வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி உயிருள்ள பவளத்தின் மேலேயே படர்ந்து மூடியதை இங்கே பலரும் அறிவார்கள். கிளி மீனின் குடலையும் அறுத்துப் பாருங்கள். அரைபட்ட சுண்ணாம்பு மணல் கையில் நறநறக்கும்.