மறு: 'வின்டர் வார்மர்', 'கிறிஸ்துமஸ் ஏல்' – தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

குளிர்காலத்துக்கென்று வலுவாகக் காய்ச்சும் பீரான 'வின்டர் வார்மர்', பண்டிகைக்கென்று போடும் 'கிறிஸ்துமஸ் ஏல்' (ஏல் என்பது ஒரு பீர் வகை) இரண்டுக்கும் நம் கலைச்சொல் பட்டியலில் தமிழ்ப்பெயர் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

> 'குளிர்கால ஏல்' என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

தம்பி, எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'ஏல்' தனியாக நிற்கும்வரை சரி. வேற்றுமை உருபு ஏறியதும் தடுக்கிறது. 'ஏலின் மணம்' என்று எழுதினால் படிப்பவர் மனம் ஏலக்காய்க்குத்தான் போகும். இந்த மதுவில் மசாலாவும் சேர்வதால் குழப்பம் இன்னும் கூடும். 'குளிர்' முன்னால் வந்தாலும் தொல்லைதான். குளிர்பானம் என்றால் நமக்குச் சில்லென்று குடிப்பது. இதுவோ சில்லென்று குடிக்கக் கூடாதது. சிகாகோவில் இருந்த இரண்டு குளிர்காலத்தில் இதைக் கண்கூடாகப் பார்த்தேன். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து ஊற்றியதும் கண்ணாடிக் குவளையில் ஒரு வாசனையும் இல்லை. இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்திக் கால் மணி நேரம் வைத்திருந்தேன். அப்புறம்தான் பாகு வெல்லம், உலர்திராட்சை, கடைசியில் லேசாகச் சுக்கு என்று ஒவ்வொன்றாக எழுந்து வந்தது.

> 'நாட்படு தேறல்' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

அண்ணா, நீங்கள் இதை எடுத்துப் போட்டதும் நெஞ்சு நிறைந்துவிட்டது. தேள் கொட்டினாற்போலக் கடுக்கும், நாள்பட்ட தேறல் (தெளிந்த மது) என்று புறநானூற்றில் ஔவையார் பாடியது சாமிக்லாஸுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கிறது. சூரிச்சில் ஹுர்லிமான் ஆலையில் பிறந்து, இப்போது ஆஸ்திரியாவின் எக்கன்பெர்க் ஆலையில் தயாராகும் மது அது. ஆண்டுக்கு ஒரே நாள், புனித நிக்கோலஸ் திருநாளான டிசம்பர் 6 அன்று மட்டும் போடுகிறார்கள். பத்து மாதம் போல ஊறவிட்டுத்தான் புட்டியில் அடைப்பு. 14 விழுக்காடு ஆல்கஹால். ஆனால் எல்லாமே இப்படி இல்லையே. சியரா நெவாடா ஆலை 1981 முதல் போட்டுவரும் 'செலிப்ரேஷன்' இதற்கு நேர் எதிர். அந்தந்த ஆண்டு அறுவடையில் முதலில் வந்த ஹாப்ஸை (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூவை) போட்டு, அந்தப் பச்சை வாசம் போவதற்குள் குடிக்க வேண்டியது. நாள்பட்டால் அதன் உயிரே போய்விடும்.

மசாலாவை வைத்துப் பெயரிடலாம் என்றவர்களுக்கும் இதே பதில்தான். க்ளீவ்லாந்தின் கிரேட் லேக்ஸ் ஆலை தன் கிறிஸ்துமஸ் ஏலில் தேன், இஞ்சி, இலவங்கப்பட்டை எல்லாம் போடுகிறது. செலிப்ரேஷனில் ஒரு கிராம்பு கூடக் கிடையாது. சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை 1975-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் ஏலுக்கு ஆண்டுதோறும் செய்முறையும் மாறிவந்தது, புட்டி ஒட்டியில் இருந்த மரத்தின் படமும் மாறிவந்தது. (2023-இல் அந்த ஆலை மூடப்பட்டது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.) நொதிப்பு முறையையும் சொல்லுக்குள் திணிக்க முடியாது. ஏல் என்பது மிதமான சூட்டில், மேலே நுரைத்து நொதிக்கும் ஈஸ்டால் ஆவது. லாகர் குளிரில் மெல்ல நொதிப்பது. சாமிக்லாஸ் லாகர் இனம்.

ஆகவே 'வின்டர் வார்மர்' என்பதற்கு என் பரிந்துரை: குளிர்காய் தேறல்.

மார்கழி விடியலில் தெருமுனையில் சருகைக் கூட்டித் தீ மூட்டிக் கையை நீட்டி உட்கார்வோமே, அந்தக் குளிர்காய்தல்தான் அந்த ஆங்கிலப் பெயரிலும் இருக்கிறது. பிறர் துன்பத்தில் குளிர்காய்வது என்ற வழக்கு நினைவுக்கு வரும் என்று ஒரு நண்பர் தயங்கினார். வரட்டும், அடுப்பைப் பார்த்து யாரும் அதை நினைப்பதில்லை. ஒற்று பற்றி: இது வினைத்தொகை, ஆகவே 'குளிர்காய்த் தேறல்' ஆகாது. ஒற்றுப் போட்டால் ஏதோ காயில் செய்த கள் என்று ஆகிவிடும். கலைச்சொல் பட்டியலில் ஏற்றும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

'கிறிஸ்துமஸ் ஏல்' வேறு பதிவாகவே இருக்கட்டும். மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) தூக்கலான, வலுவான வகைதான் குளிர்காய் தேறல். பண்டிகைக்கென்று போடுவது எந்த வகையானாலும் ஒஸ்லோ அக்கா சொன்ன 'நத்தார் தேறல்' பொருந்தும். யாழ்ப்பாணத்தில் கிறிஸ்துமஸுக்கு நத்தார் என்பது வீட்டுச்சொல். அக்கா இருக்கும் நார்வேயிலேயே, இடைக்கால குலாட்டிங் சட்டம் உழவர்கள் கிறிஸ்துமஸுக்கு மது காய்ச்சியே தீர வேண்டும், நல்ல விளைச்சலும் அமைதியும் வேண்டிக் கிறிஸ்துவுக்கும் மரியாளுக்கும் அதைப் படைக்க வேண்டும், தவறினால் தண்டம் என்று விதித்திருந்தது. விழாவையும் மதுவையும் ஒரே சொல்லில் கட்டுவதற்கு இதைவிட என்ன நியாயம் வேண்டும்? தமிழ்நாட்டில் 'கிறிஸ்துமஸ் தேறல்' என்றும் எழுதலாம், இரண்டும் வாழட்டும்.

இன்னொன்று. பட்டியலில் பீர் ஆலையை 'வடிப்பாலை' என்று போட்டிருக்கிறோம். அது தவறு. ஆவியாக்கி வடிப்பது சாராயம். பீரில் வாலை (ஆவியாக்கி வடிக்கும் கலம்) கிடையாது, ஊறலும் நொதிப்பும்தான். 'அடுதல்' (சமைத்தல், காய்ச்சுதல்) நல்ல பழைய வினை, ஆனால் அடுமனையை ரொட்டிக் கடைக்குக் கொடுத்துவிட்டோம். 'ஊறல்' என்றால் போலீஸ் அழிக்கும் கள்ளச்சாராயப் பானைதான் பலருக்கும் தெரிகிறது. மாற்றுச்சொல் யாரிடமாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அதுவரை 'பீர் ஆலை' என்றே திருத்தி வைக்கிறேன்.

அன்புடன்