காட்பாடி வேலூரா, இல்லையா?

பாலாற்றுக்காரன்: பக்கத்து இழையில் ஒருவர், “2011 கணக்குப்படி வேலூரில் 1.85 லட்சம் பேர்தான், இதுக்கு ஒரு மாநகராட்சியா?” என்று எழுதியிருக்கிறார். அது பழைய எல்லைக்கான எண்ணிக்கை. சத்துவாச்சாரி, காட்பாடி எல்லாம் சேர்த்த மொத்த நகரப்பகுதிக்குக் கிட்டத்தட்ட 4.8 லட்சம். பாலாற்றின் இரண்டு கரையும் ஒரே ஊர்.

காட்பாடி கண்ணாயிரம்: ஒரே ஊரா? எங்களைச் சேர்த்துக்கொண்டுதான் லட்சம் ஏறுகிறது, பெயர் மட்டும் உங்களுக்கு. காட்பாடி தனி ஊர். ஜங்ஷன் இங்கே, விஐடி இங்கே. உங்களுக்கு கன்டோன்மென்ட் ஸ்டேஷன் இருக்கிறதே, அதில் ஏறிப் போங்கள்.

பாலாற்றுக்காரன்: மாநகராட்சியின் 60 வார்டுகளில் உங்கள் வார்டும் இருக்கிறது சார். சொத்து வரி எங்கே கட்டுகிறீர்கள்?

கண்ணாயிரம்: வரி கட்டினால் ஊர் மாறிவிடுமா? காட்பாடி தனி.

ஆம்பூர்வாசி: நகரத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே வாங்க. பழைய வட ஆற்காட்டில் ஜனம் சமமாகவா பரவியிருக்கிறது? வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றோடு கோர்த்த மாதிரி ஊர்கள். மணலைத் தோண்டினால் ஊற்று, அப்புறம் ரயில், பெங்களூர் ரோடு, தோல் பதனிடும் டேனரி. ஆற்றை விட்டுத் தள்ளிப் போனால் ஏரிக்கரைக்கு ஒரு கிராமம், அவ்வளவுதான்.

கண்ணாயிரம்: அருமை. அந்த வரிசையில் காட்பாடி எங்கே? வேண்டுமென்றே விட்டிருக்கிறீர்கள். போன மாதம் ஏரி விவாதத்திலும் பதில் சொல்லாமல் நழுவியவர்தானே நீங்கள்? ஊற்று பற்றி டேனரி ஊர்க்காரர் பேசுவது இன்னும் அருமை. அந்தத் தண்ணீரைக் குடித்துக் காட்டுங்கள்.

ஆம்பூர்வாசி: ஷூ மட்டும் போடுவீர்கள், பிரியாணி மட்டும் சாப்பிடுவீர்கள். கழிவு என்றால் நாங்கள்.

புதூர்நாட்டான்: ஜவ்வாது மலையை யாராவது நினைத்தீர்களா? எங்களுக்கு நாற்பது வீடு சேர்ந்தாற்போல் இருந்தால் பெரிய ஊர். கொல்லை எங்கேயோ வீடும் அங்கே. சாமை அறுக்கிற நாளில் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட மேட்டில் ஏறிக் கத்த வேண்டும். நீங்கள் ஒரு பாலத்துக்குச் சண்டை போடுகிறீர்கள்.

கண்ணாயிரம்: மலை இருக்கட்டும் தம்பி. ரயிலில் காட்பாடி வந்ததும் பாதிப் பெட்டி “வேலூர் வந்துடுச்சு” என்று மூட்டையைத் தூக்குகிறது. பலகையில் என்ன எழுதியிருக்கிறது, கண் இல்லையா?

வாலாஜா வாசகன்: ஜங்ஷன் பெருமை போதும் நைனா. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து எங்கள் வாலாஜா ரோட்டுக்குத்தான் வந்தது. 1866இலேயே நாங்கள் நகராட்சி.

கண்ணாயிரம்: வந்த ரயில் ஏன் அங்கேயே நிற்கவில்லை? இன்றைக்கு எத்தனை எக்ஸ்பிரஸ் நிற்கிறது, எண்ணிச் சொல்லுங்கள். அதோடு 2019இல் மாவட்டத்தை மூன்றாக்கியபோதே நீங்கள் ராணிப்பேட்டைப் பக்கம் போய்விட்டீர்கள். எங்கள் வீட்டுப் பஞ்சாயத்தில் உங்களுக்கு என்ன வேலை?

பாலாற்றுக்காரன்: “எங்கள் வீடு” என்கிறீர்களே, அப்போது ஒரே ஊர்தானே? உங்கள் கையெழுத்து வரியைப் பாருங்கள்: “காந்தி நகர், வேலூர்-6”.

கண்ணாயிரம்: அது பின்கோடு போட்டவனைக் கேட்க வேண்டியது. காட்பாடி தனி.

பாலாற்றுக்காரன்: அப்போ 1.85 லட்சம் என்று எழுதியவர் சொன்னது சரியா?

கண்ணாயிரம்: அவரும் தப்பு, நீங்களும் தப்பு. ஆம்பூர்க்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை, கவனித்தீர்களா?