அசுவினி வராத கடலை ரகம் என்று ஒன்று உண்டா?

செம்மண்காடு:
நிலக்கடலை, விதைத்து 25 நாள். குருத்தில் கருப்பு அசுவினி (சாறு உறிஞ்சும் பூச்சி) அப்பிக் கிடக்கு, எறும்பும் ஏறுது. அடுத்த பட்டத்துக்கு "இந்த விதைக்கு அசுவினியே வராது" என்று ஒரு ரகத்தைச் சொல்றாங்க. நம்பலாமா? வாங்கும் முன் சோதிக்க வழி உண்டா?

பூதக்கண்ணாடி:
"வராது" என்பதே தப்பு. இறக்கை முளைத்த அசுவினி எந்தச் செடியிலும் வந்து உட்காரும். எதிர்ப்புள்ள ரகத்தில் குட்டி குறைவாகப் போடும், அவ்வளவுதான். ஆனால் அது பெரிய விஷயம். இணை சேராமலே குட்டி போடும் பூச்சி; குட்டி ஒரு வாரத்தில் தாயாகிவிடும். தாய்க்கு 20 குட்டி என்று வைத்தால் மூன்றாம் தலைமுறையில் 8,000. 10 என்றால் 1,000தான்.

நிஜ உதாரணம் ஐ.சி.ஜி. 12991 என்ற ரகம். தென்னிந்தியாவில் சேகரித்த கொத்து வகை நிலக்கடலை. ஆப்பிரிக்காவில் அசுவினி பரப்பும் ரோசெட் என்ற வைரஸ் நோய்க்காக மலாவியில் 'பாகா' என்று வெளியிட்டார்கள். வைரஸை எதிர்க்கும் சக்தி அதற்குக் கிடையாது. ஒட்டுக்கட்டி ஏற்றினால் நோய் வரும். அசுவினி தங்கிப் பெருகாததால் வயலில் தப்பிக்கிறது. இந்தக் குணம் ஒரே ஒரு ஒடுங்கு மரபணுவில் (தாய், தந்தை இரண்டிலிருந்தும் வந்தால்தான் வெளிப்படும்) இருப்பதால், சாதா ரகத்தோடு கலப்பு செய்தால் முதல் தலைமுறையில் வெளியே தெரியாது.

வரப்போரம்:
சோதனை சுலபம். அந்த விதையில் 10, வழக்கமாகப் போடும் ரகத்தில் 10, தனித்தனி காகிதக் கப்பில் ஒரே மண், ஒரே நாள் விதைங்க. முளைத்து 10ஆம் நாள், இறக்கை இல்லாத பளபளப்பான கருப்புத் தாய் இரண்டை மெல்லிய தூரிகையால் எடுத்து விரியாத குருத்தில் விடுங்க. இழுத்து எடுத்தால் ஊசிவாய் ஒடிஞ்சிடும். தூரிகையால் தட்டி, அது நகர ஆரம்பிச்ச பிறகு எடுக்கணும். கொசுவலைத் துணி மூடி 8ஆம் நாள் இரண்டு ரகத்திலும் அசுவினியை எண்ணி ஒப்பிடுங்க. வலைக்குள் அசுவினியைத் தின்னும் பொறிவண்டுப் புழு ஒன்று இருந்தாலும் கணக்கு கெட்டுப்போகும். யூரியா கூடிய கப்பிலும் அப்படியே.

பூதக்கண்ணாடி:
இன்னொன்று. குருத்து கருகி நின்றால் அது அசுவினி வேலை இல்லை. இலைப்பேன் கொண்டுவரும் மொட்டுக்கருகல் வைரஸ். அசுவினி எதிர்ப்பு ரகம் அதற்கு உதவாது. இலை சுருண்டு, பிசுபிசுத்து, கரும்பூசணம் படர்ந்தால்தான் அசுவினி.

இப்போதைய பயிருக்கு: வயலில் அங்கங்கே 20 செடி பாருங்கள். இளம் பயிரில் குருத்துக்கு 5 முதல் 10 அசுவினிக்கு மேல் இருந்து பொறிவண்டும் காணோம் என்றால் மட்டும் இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். பூச்சிமருந்து, ஏக்கருக்கு 40 முதல் 50 மில்லி, 200 லிட்டர் தண்ணீரில். பலமாக மழை பெய்தால் பாதி வேலையை அதுவே முடித்துவிடும், ஒரு நாள் பொறுத்து மறுபடி எண்ணுங்கள்.

செம்மண்காடு:
வேலியில் கிளைரிசிடியா முழுக்க அதே கருப்பு அசுவினிதான். சோதனைக்கு அதை எடுக்கலாமா?

வரப்போரம்:
வேண்டாம். வேறு செடியில் பழகினது கடலையில் விட்டதும் முதல் சில நாள் தடுமாறும். எல்லா ரகமும் எதிர்ப்பு ரகம் மாதிரியே தெரியும். கடலைச் செடியிலிருந்தே எடுங்க.