இங்கிலாந்துல ஸ்விண்டன் ஊர் ஹோண்டா கார் ஃபேக்டரியை மூடினது பிரெக்ஸிட்டா? ஆடிட்டர் சார் பதில் சொல்லட்டும்

அம்பத்தூர்_லேத்: நேத்து நம்ம ஆடிட்டர் சார் ஒரு முத்து உதிர்த்திருக்கார்: "ஐரோப்பிய யூனியனை விட்டு வந்ததுக்கு பிரிட்டன் கொடுத்த விலை ஸ்விண்டன். 3,500 பேர் வேலை போச்சு." டீ புரையேறிடுச்சு. மூடப்போறோம்னு ஹோண்டா சொன்னது 2019 பிப்ரவரி. பிரிட்டன் வெளியே வந்தது 2020 ஜனவரி 31. பந்தியில உட்காரறதுக்கு முன்னாடியே வயித்துவலியா?

மாம்பலம்_ஆடிட்டர்: வெளியே போகணும்னு ஓட்டு போட்டது 2016 ஜூன்ல, தம்பி. மழை இருட்டினதும் வத்தலை எடுப்பீங்களா, நனைஞ்சப்புறம் எடுப்பீங்களா? 2016-க்கு அப்புறம் பிரிட்டன்ல தொழில் முதலீடு படுத்துடுச்சு. வரி எவ்வளவு வரும்னே தெரியாத ஊர்ல எவன் காசு போடுவான்? 3,500 பேர்.

அம்பத்தூர்_லேத்: பிரெக்ஸிட் காரணமில்லைன்னு ஹோண்டாவே சொல்லிடுச்சு. எலெக்ட்ரிக் காருக்கு மாறறோம், அதான் காரணம்னாங்க. அதே சமயத்துல துருக்கியிலயும் சிவிக் கார் தயாரிப்பை நிறுத்தறோம்னாங்க. துருக்கி எப்போ சார் பிரெக்ஸிட் பண்ணுச்சு?

பெரம்பூர்_மீனா: இதையும் சேர்த்துக்கோங்க. ஜப்பான்–ஐரோப்பிய யூனியன் வர்த்தக ஒப்பந்தம் 2019 பிப்ரவரி 1-ல அமலுக்கு வந்துச்சு. ஜப்பான் காருக்கு அங்க இருந்த 10 சதவீத வரி படிப்படியா குறைய ஆரம்பிச்சுது. அப்புறம் இங்கிலாந்துல எதுக்கு ஃபேக்டரி?

மாம்பலம்_ஆடிட்டர்: கம்பெனி அறிக்கையை வேதவாக்கா எடுத்துக்கறவர்கிட்ட என்ன பேசறது. நாளைக்கும் அங்க வியாபாரம் பண்ணணும்னா வேற என்ன சொல்லுவான்?

அம்பத்தூர்_லேத்: துருக்கி.

தாம்பரம்_ரிட்டயர்டு: நம்ம மறைமலை நகர் ஃபோர்டை மறந்துட்டீங்களே. 2021 செப்டம்பர்ல கடையைக் கட்டறோம்னு சொன்னான். 2019 நவம்பர்ல ஆர்செப் (ஆசிய-பசிபிக் நாடுகளோட வர்த்தக ஒப்பந்தம்) வேண்டாம்னு நாம எழுந்து வந்ததோட பலன்தான்.

பெரம்பூர்_மீனா: ஐயா, நாம அதுல சேரவே இல்ல. சேராததுல இருந்து எப்படி வெளியே வர்றது? ஃபோர்டுக்கு இங்க வண்டி விக்கல, அவ்வளவுதான்.

தாம்பரம்_ரிட்டயர்டு: எங்க வீட்டு மாடியில வாடகைக்கு இருந்த பையனுக்கு வேலை போச்சும்மா. உங்களுக்கு எல்லாமே விளையாட்டு.

அம்பத்தூர்_லேத்: அதே இங்கிலாந்து சண்டர்லாந்துல நிசானும் கூட்டாளிகளும் 100 கோடி பவுண்டு போடறோம்னு அறிவிச்சது 2021-ல. அதாவது வெளியே வந்தப்புறம். அதைப் பத்தி மூச்சு விடமாட்டார்.

மாம்பலம்_ஆடிட்டர்: நிசானைப் பிடிச்சு வெக்க அரசாங்கம் என்னவெல்லாம் செஞ்சுதுன்னு ஊருக்கே தெரியும். உங்க கதைக்கு வருவோம். 2021-ல, "இங்கிலாந்துக்காரன் நான் அனுப்பற புஷ்ஷுக்கு (மெஷின் உதிரி பாகம்) ஒரிஜின், அதான் எந்த நாட்டுச் சரக்குன்னு கேக்கறான், இதுவரைக்கும் கேட்டதே இல்ல"ன்னு ஃபாரத்தைத் தூக்கிட்டு ராத்திரி ஒன்பதரைக்கு என் வீட்டு வாசல்ல நின்னது யாரு? அவன் உங்க புஷ்ஷைப் போட்டு அசெம்பிளி பண்ணி ஜெர்மனிக்கு அனுப்பறான். பிரிட்டிஷ் சரக்குன்னு நிரூபிச்சாத்தான் வரி கிடையாது. இந்தியப் பங்கு கூடினா மாட்டிப்பான். அந்த ஆர்டர் பாதியாச்சா இல்லையா?

அம்பத்தூர்_லேத்: ஆச்சு. அது கொரோனா வருஷம். ரெண்டு சிஎன்சி மெஷினும் தார்ப்பாய் போத்திக் கிடந்துச்சு. நான் பிரெக்ஸிட்டால ஒண்ணுமே ஆகலைன்னா சொன்னேன்? ஸ்விண்டன் அதனால இல்லைங்கறேன். ஸ்விண்டன்!

மாம்பலம்_ஆடிட்டர்: அன்னிக்கு ஃபாரம் நிரப்பினதுக்கு ஃபீஸ் 2,000 இன்னும் பாக்கி.

அம்பத்தூர்_லேத்: 1,500-னு சொல்லிட்டு இப்போ 2,000-ங்கறார். இவர் கணக்கை நம்பி 3,500-ஐயும் நம்பணுமாம்.

பெரம்பூர்_மீனா: அண்ணா, 3,500 சரிதான். காரணம்தான் தகராறு.

அம்பத்தூர்_லேத்: நீ எந்தப் பக்கம்மா?

தாம்பரம்_ரிட்டயர்டு: ஃபோர்டு பத்தி யாரும் பதில் சொல்லல.

அம்பத்தூர்_லேத்: துருக்கி பத்தியும் சொல்லல சார். ஷிஃப்ட் மாத்திட்டு வந்து மறுபடி கேக்கறேன்.