புறாமலையில் முருகைக்கல் வெளிறுவதை அளப்பது எப்படி?

கேள்வி: திருகோணமலை நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாமலைத் தீவில் கடல் வெப்பத்தையும், முருகைக்கல் (பவளப்பாறை) சூட்டால் நிறமிழந்து வெளிறுவதையும் சேர்த்துப் பதிய வேண்டும். வெப்பப் பதிவுக் கருவியை எங்கே கட்டுவது? வெள்ளையாய்த் தெரிவதெல்லாம் வெளிறியதா?

பதில் 1: தம்பி, புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்கள அனுமதி முதலில். கருவியை ஐஸ் கரையும் நீரில் வைத்துப் பாருங்கள், 0 பாகை காட்டவேணும். உயிருள்ள முருகையில் கட்டவே கூடாது. செத்த பாறையின் நிழல்பக்கம் கட்டுங்கள். ஆழம் குறைந்த இடத்தில் நேர்வெயில் பட்டால் அளவு கூடிக் காட்டும். வாடைக்கு (வடகீழ்ப் பருவக்காற்றுக்கு) முன் கழற்றிவிடுங்கள்.

பதில் 2: வெள்ளையெல்லாம் வெளிறியதில்லை. வெளிறியதில் கண்ணாடிபோல் தசை இருக்கும், கிட்டப் பார்த்தால் நுண்ணிய கைகள் தெரியும். முள் நட்சத்திரமீன் தின்ற இடம் வெறும் எலும்பு. ஓரம் வெட்டினாற்போல் இருக்கும். சில நாளில் பாசி பிடித்துவிடும், பிறகு காரணம் பிரிக்கேலாது. 20 மீற்றர் நாடா விரித்து, 0 இலிருந்து 50 சென்ரிமீற்றருக்கு ஒரு புள்ளியாக 40 புள்ளி குறியுங்கள். அதே கோட்டுக்குத் திரும்பி வராவிட்டால் ஒப்பீடே இல்லை.

பதில் 3: ஆண்டின் மிகச் சூடான மாதச் சராசரியைவிட 1 பாகை கூடி 4 கிழமை நின்றால் வெளிறல் எதிர்பார்க்கலாம், 8 கிழமையென்றால் சாவும் வரும். 2 பாகை கூடினால் அதற்குப் பாதிக்காலமே போதும்.