காட்டுப் பள்ளிக்கு, ஆராய்ச்சிக்கு உதவப் போய் அசடு வழிந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

வேளச்சேரி வாசி:
என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆபீஸில் வசூல் பண்ணி, ஆனைமலைப் பக்கம் காடர் பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கு இரண்டு பைனாகுலர், கொஞ்சம் நோட்டுகள், அப்புறம் ஒரு பெரிய பறவை சார்ட். சார்ட்டை நானே தி.நகரில் பிரிண்ட் போட்டேன். நடுநாயகமாக, அலகு மேல் கொம்பு வைத்த இருவாச்சி.

வால்பாறை ரோட்டில் நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி, வாந்தியோடு போய்ச் சேர்ந்து, சார்ட்டை மாட்டிவிட்டுப் பேச ஆரம்பித்தேன். அஞ்சாவது படிக்கும் ஒரு பெண் எழுந்தாள். "அண்ணா, இது எங்க இருவாச்சி இல்ல. கொம்பு மேல வளைஞ்சிருக்கு. எங்களுதுக்குத் தட்டையா இருக்கும்."

நெட்டில் முதலில் வந்த படத்தை எடுத்திருந்தேன். அது மலேசியா, போர்னியோ காட்டு இனமாம். அவள் அதோடு விடவில்லை. பெட்டை மரப்பொந்துக்குள் போய் வாயிலை அடைத்துக்கொள்ளும், ஒரு கீறல் மட்டும் விடும், அது வழியாக ஆண் அத்திப்பழம் ஊட்டும் என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் விரித்து உஷ், உஷ் என்று இறக்கைச் சத்தம் போட்டுக் காட்டினாள். நான் என்ன சொல்லிக்கொடுக்க வந்தேன் என்பதே மறந்துவிட்டது.

சார்ட்டைக் கழற்றட்டுமா என்று டீச்சரிடம் கேட்டேன். "இருக்கட்டும் சார், தப்பைக் கண்டுபிடின்னு பாடம் நடத்திக்கிறேன்" என்றார். இன்னும் அங்கேதான் தொங்குகிறது, கீழே எங்கள் ஆபீஸ் பெயரோடு.

நெம்மேலி ரோடு:
உங்களுடையது சிரிப்பு. என்னுடையது வேறு மாதிரி.

எம்.எஸ்சி. புராஜெக்டுக்குச் செங்கல்பட்டுப் பக்கம் பாம்புக் கணக்கெடுப்பு. கூட வந்தவர் ஓர் இருளர் அண்ணன். வடநெம்மேலியில் விஷம் எடுக்கும் சங்கம் தெரியும்தானே, 1978இல் தொடங்கியது, அதில் இருந்தவர். எலி வளை வாயில் மண் வழவழவென்று இருப்பதைப் பார்த்தே, "இது நேத்துப் போனது, உள்ள இல்ல" என்பார். எனக்கு எல்லா வளையும் ஒன்றுதான்.

ஒரு நாள் கண்ணாடி விரியனைக் காட்டினார். நான் நோட்டில் நேரம், இடம், நீளம் எல்லாம் எழுதினேன். எட்டிப் பார்த்து, "இதுல எம்பேரு எங்க தம்பி இருக்கு?" என்றார். கடைசியில் வரும்ணே என்றேன். கடைசியில் வந்தது "உள்ளூர் மக்களுக்கு நன்றி". எங்கள் துறையில் அப்படித்தான் போடச் சொன்னார்கள், நானும் வாயைத் திறக்கவில்லை. 2023இல் பாம்பு பிடிக்கும் இருளர்கள் மாசி சடையன், வடிவேல் கோபால் இரண்டு பேருக்கும் பத்மஸ்ரீ என்று டிவியில் ஓடியபோது, நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டேன்.

கிண்டிக்காரன்:
வேளச்சேரி சார், கோபிக்காதீங்க. வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் கிண்டி காடு. சுமார் 270 ஹெக்டேர், நகரத்துக்கு நடுவே வெளிமான் மேய்கிற இடம், அதுவும் நம் கடற்கரையோரம் அருகிவரும் உலர் பசுமைமாறாக் காடு. இதை விட்டுவிட்டு வால்பாறையா? என் மகளைச் சிறுவர் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன், ஊஞ்சலை விட்டு இறங்கவில்லை. என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். பொருள் வாங்கித் தராதீங்க, சம்பளம் கொடுங்க. அந்த ஊர்ப் பையனோ பெண்ணோ ஒருவருக்கு ஒரு வருஷம் களப்பணிக்கு மாதச் சம்பளம் கிடைத்தால், இருவாச்சிக் கூடு எத்தனை, எந்த மரம், குஞ்சு எப்போது வெளியே வந்தது எல்லாம் அவர்களே எழுதிவைப்பார்கள். பணம் கொடுக்கும்போதே, ஆராய்ச்சி முடிவு தமிழில் அந்த ஊருக்குத் திரும்பி வருமா என்று கேளுங்க. பிள்ளைகள் சொன்னதை வைத்து அவர்களே சார்ட் வரையட்டும், நீங்கள் அச்சடித்து மட்டும் கொடுங்க. பெரியவர்கள் வைத்திருக்கும் பெயரைத்தான் போடணும். நெம்மேலி தம்பி, உங்களுக்கும் இது பொருந்தும். பெயர் போடுவதற்கு என்ன செலவு?

வேளச்சேரி வாசி:
கிண்டியில் காடர் பிள்ளைகள் யாரும் படிக்கவில்லை சார். மற்றபடி சார்ட் யோசனை சரி.

மாம்பலம் மைனா:
நெம்மேலி, அந்தப் புராஜெக்ட் புத்தகத்தை அண்ணனிடம் காட்டினீர்களா?

நெம்மேலி ரோடு:
இல்லை. பரணில் இருக்கிறது.