தோற்றால் யாரைத் திட்டுவது? கேலரியில் கேட்டதும் பட்டதும்

அம்பத்தூர்க்காரன்:

2018 அக்டோபர் 18. நேரு ஸ்டேடியத்தில் ஐஎஸ்எல் கால்பந்து, நம்ம சென்னையின் எஃப்சிக்கும் நார்த் ஈஸ்ட்டுக்கும் ஆட்டம். ஏழு மாதம் முன்புதான் பெங்களூரை அவர்கள் ஊர் கண்டீரவாவிலேயே 3-2 என்று அடித்துக் கோப்பையைத் தூக்கியிருந்தோம். அதே கோச் ஜான் கிரகரி, பாதிக்கு மேல் அதே முகங்கள். அன்று 3 கோல் போட்டும் 3-4 என்று தோற்றோம். அவர்கள் ஆள் ஒக்பேச்சே ஒருவரே 3 கோல் அடித்துவிட்டார்.

நம் பின்வரிசை ஆட்களைப் பரம்பரையோடு இழுத்துத் திட்டினேன். மூர் மார்க்கெட்டில் லோக்கல் ஏறிய பிறகும் நிறுத்தவில்லை, கூட வந்த நண்பன் பாவம். எதிர் சீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், மடியில் ஒரு பழைய பந்துப் பை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தம்பி, பின்னாடி நாலு பேரையும் திட்டுறீங்க, சரி. அவங்களுக்கு முன்னாடி போன வருஷம் யாரு நின்னா?"

"தனபால் கணேஷ்ணே."

"இந்த வருஷம்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கணேஷ் வியாசர்பாடிப் பையன். முழங்கால் காயத்தால் அந்த சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்திருந்தார்.

"காம்பவுண்டு சுவரு இல்லாத வீடு தம்பி. வர்றவன் நேரா வாசல்ல வந்து நிக்கிறான். நீங்க வாசக்கதவைத் திட்டிக்கிட்டு இருக்கீங்க. கணேசுக்குக் கால் போனது யார் தப்பும் இல்ல. ஆனா அந்த இடத்துல ஓட்டை இருக்குன்னு சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே தெரியும்ல? அதை அன்னிக்கே கத்தியிருக்கணும்."

வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் வந்ததும் இறங்கிப் போய்விட்டார்.

அந்த சீசனில் 18 ஆட்டம், 2 வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். முந்தைய சீசனில் 9 கோல் போட்ட நம் முன்வரிசை ஆட்டக்காரர் ஜெஜே அந்த முறை போட்டது ஒன்றே ஒன்று. கேலரியே அவர் மேல் பாய்ந்தது. நான் மட்டும் வேறு ஒரு வேலை பார்த்தேன். பெனால்டி பாக்ஸுக்குள் அவர் காலுக்கு எத்தனை பந்து வருகிறது என்று ஒரு ஆட்டம் முழுக்க எண்ணினேன். ஒரு கை விரலே போதுமானதாக இருந்தது.

உங்களுக்கும் இப்படி யாராவது கண்ணைத் திறந்துவிட்ட கதை இருந்தால் எழுதுங்கள்.

பி ஸ்டாண்ட் ஓரம்:

எனக்கு நேர்மாறான அனுபவம். 2019-20 சீசன், முதல் 4 ஆட்டத்தில் நமக்கு ஒரு கோல்கூட இல்லை. ஐந்தாவது ஆட்டம் ஹைதராபாத்தோடு, நம் ஊரில். கோச் கிளம்பட்டும் என்று பெரிய அட்டையில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். 90 நிமிடம் வரை தூக்கிப் பிடித்துக் கை வலித்ததுதான் மிச்சம். கூடுதல் நேரத்தில் கோல் மழை, 2-1 என்று ஜெயித்துவிட்டோம்! அட்டையை எங்கே ஒளிப்பது என்று விழித்தபோது பக்கத்து சீட்டு அக்கா, "இங்க குடுங்க, சீட்டு ஒரே தூசி" என்று வாங்கி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

அந்த வாரமே கிரகரி விலகினார். புது கோச்சாக ஓவன் காயில் வந்தார். ஆட்களை மாற்றாமல் அதே அணியை ஃபைனல் வரை கொண்டு போனார். நம் முன்வரிசை ஆள் வால்ஸ்கிஸ் மட்டும் 15 கோல். கொரோனா பயத்தில் காலி கேலரியோடு நடந்த அந்த ஃபைனலில் கொல்கத்தா அணி ஏடிகேவிடம் 1-3 என்று தோற்றோம், அது வேறு கதை. அதே பதினோரு பேர் அப்படி ஆட முடியும் என்றால் முன்பு ஆடாதது யார் குற்றம்? ரயில் அண்ணன் இதற்கு என்ன சொல்வார்?

லெஃப்ட் பேக் (ஓய்வு):

இரண்டு பேரும் ஒருவரை விட்டுவிட்டீர்கள். நான் சென்னை லீக்கில் ஒரு ஆபீஸ் டீமுக்கு ஏழெட்டு வருஷம் ஆடியவன். வெட்கத்தோடு சொல்கிறேன், ஒரு வருஷம் எங்களுக்கு வந்த கோச்சைப் பிடிக்கவில்லை. காலை ஐந்தரைக்கு மைதானத்தில் நிற்க வேண்டும் என்றார், அதுதான் அவர் செய்த பாவம். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஆனால் பந்து பறிபோனால் திரும்பி ஓடுவதில் எல்லோருக்கும் இரண்டு அடி குறைந்தது. அந்த இரண்டு அடி கேலரிக்குத் தெரியவே தெரியாது. நாலு ஆட்டம் தோற்றோம், அவரை அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆட்டத்தில் ஜெயித்ததும் "புது கோச் கலக்கிட்டாருப்பா" என்று பேச்சு. புது கோச் அப்போதுதான் எங்கள் பேரையே மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

பல வருஷம் கழித்துப் பழைய கோச்சை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "நீ இன்னும் வலது காலால அடிக்கக் கத்துக்கலையா?" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

அதனால் புது கோச் வந்ததும் அணி துள்ளினால் பழையவர் மேல்தான் தப்பு என்று நான் நம்ப மாட்டேன்.

சேத்துப்பட்டுக்காரி:

2025 ஜனவரி 30, கேரளா பிளாஸ்டர்ஸ் வந்திருந்தார்கள். 1-3 என்று நம் ஊரிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டோம். ஜெயித்த கேரளா அணியின் ரசிகன், மஞ்சள் சட்டைப் பையன் ஒருவன் வெளியே டீக்கடையில் உம்மென்று நின்றான். கேட்டால், "சேச்சி, ஒரு ஜெயம் வந்தா மேனேஜ்மென்ட் தப்பிச்சிடும்" என்றான்.

டிசம்பரில் அவர்கள் கோச் ஸ்டாரேயை நீக்கியிருந்தார்கள். அதற்குப் பிறகும் மஞ்ஞப்படை ரசிகர்கள் நிர்வாகத்தை எதிர்த்துப் போராட்டம் நடத்தினார்கள். "கோச்சு எத்தனை பேரைப் பார்த்தாச்சு. சட்டை அதுதான், ஓனரும் அதுதான்" என்றான் அந்தப் பையன். அவர்கள் கோபத்துக்கு ஒரு முகவரி இருக்கிறது. நமக்கு அது இல்லை, நாம் டச்லைனில், அதாவது மைதான ஓரக் கோட்டில், கோச்சாக யார் நிற்கிறாரோ அவரைத் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

அம்பத்தூர்க்காரன்:

பி ஸ்டாண்ட் நண்பருக்கு: காயில் பெரிய ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே காயில் 2023-ல் திரும்பி வந்தார். முதல் சீசனில் 6-வது இடம், பிளேஆஃப். அடுத்த சீசனில் 11-வது. கிரகரிக்கு நடந்த மாதிரியே. கோச்சின் மூளை ஒரு வருஷத்தில் வற்றிவிடுமா என்ன? அவர் கையில் கொடுக்கப்பட்ட ஆட்களையும் பார்க்க வேண்டாமா? 2016-லிருந்து நம்மோடு இருந்த அனிருத் தாப்பா 2023-ல் மோகன் பகானுக்குப் போனபோது நடுக்களத்தில் எவ்வளவு பெரிய ஓட்டை விழும் என்று கேலரியில் யார் பேசினோம்? பந்து உருளாத மாதங்களில் நாம் எல்லோரும் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

லெஃப்ட் பேக் சொன்ன அந்த இரண்டு அடி மட்டும் என்னைத் தூங்கவிடாது. அதை நான் எண்ணவே இல்லை.

பி ஸ்டாண்ட் ஓரம்:

சரி, பாதி ஒத்துக்கொள்கிறேன். அந்த வியாசர்பாடி அண்ணன் பேரையாவது கேட்டீர்களா?

அம்பத்தூர்க்காரன்:

இல்லை. அவர் இறங்கிய பிறகு பெரம்பூரில் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். திட்டுகிற வேகத்தில் நாங்கள் டிக்கெட் எடுக்கவே மறந்திருந்தோம். அபராதம் கட்டிவிட்டு, அதற்கும் நண்பன்தான் காரணம் என்று அம்பத்தூர் வரை அவனைத் திட்டிக்கொண்டே போனேன்.